கணக்கு வராது என்று சொன்னது யார்?

பள்ளிகள் திறந்துவிட்டன. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், அடுத்து எந்தப் பிரிவில் சேருவது என்று பெற்றோருடன் தலைமையாசிரியர் அறை வாசலில் காத்து நிற்கிறார்கள். ஆண்டுதோறும் இந்த நாள்களில் நம் காதில் தவறாமல் விழும் சொல் ஒன்று உண்டு. “உனக்குக் கணக்கு வராது. கணக்கு இல்லாத குரூப்பா எடுத்துக்கோ.” காலனியிலிருந்து வரும் பிள்ளையிடம் இது சற்று எளிதாகவே சொல்லப்படுகிறது என்று பெற்றோர் பலர் குறைப்படுகிறார்கள். ஆனாலும் “வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த ஒரு கையெழுத்தால் எத்தனை வழிகள் அடைபடுகின்றன என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பொறியியல் சேர்க்கைக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்டவருக்குப் பொறியியலில் இவை பெரும்பாலும் பயன்படாமல் போகின்றன. வரலாறும் வணிகவியலும் தாழ்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. விரும்பி எடுப்பது வேறு, ஒதுக்கித் தள்ளப்படுவது வேறு.

கலைப் பிரிவுக்குப் போனாலும் கணக்கு விடுவதில்லை. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவுக் கணக்குகள். அவை பத்தாம் வகுப்புத் தரத்தில் கேட்கப்படுபவை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்றால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். கூலி வீட்டுக்கு இது சிறிய தொகையல்ல.

நல்ல கணித ஆசிரியர்கள் மாணவர்களிடம் எதிர்பார்ப்பது என்ன? தப்பாகவாவது சொந்தமாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான். கைடைப் பார்த்து எழுதிய சரியான விடையை விட, இரண்டாம் வரியில் பிசகிய கணக்கு ஆசிரியருக்கு அதிகம் உதவும். பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பது அதில் தெரியும். நாள் தவறாமல் ஐந்து கணக்கு போட்டால் போதும், தேர்வுக்கு முதல் நாள் ஐம்பது போடத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு வந்த பிறகும் வகுத்தல் தடுமாறினால், வெட்கப்படாமல் அதைக் கேட்க வேண்டும். பின்னம் புரியாதவருக்கு இயற்கணிதம் புரியாது. இயற்கணிதம் புரியாதவருக்குப் பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடு வராது. அறிவுக் குறை என்று நாம் நினைப்பது, பல நேரங்களில் ஐந்தாம் வகுப்பில் விட்டுப்போன சில வாரங்கள்தான்.

பெற்றோரிடம் அந்த ஆசிரியர்கள் கேட்பதும் செலவில்லாதவைதான். அறுவடைக்கும் கரும்பு வெட்டுக்கும் பிள்ளையை நிறுத்தாதீர்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போக நேர்ந்தால், அங்குள்ள பள்ளியில் உடனே சேருங்கள். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் டிவியை நிறுத்தி வையுங்கள். “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று ஆசிரியரிடம் சொல்லாதீர்கள். பள்ளியில் அடிப்பதை அதே சட்டம் தடை செய்திருக்கிறது. அடிக்குப் பயந்த பிள்ளை தெரியாததை மறைக்கும், கேட்காது.

“நமக்கே கணக்கு தெரியாது, பிள்ளைக்கு எங்கே வரும்” என்ற பேச்சு நம் வீடுகளிலிருந்து ஒழிய வேண்டும். கொத்தனார் மூலைமட்டம் பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடிக்கிறார். அதுதான் பாடப்புத்தகத்தில் பிதாகரஸ் தேற்றம். மகளிர் குழுக் கடனுக்கு வட்டி எவ்வளவு ஆகிறது என்று அம்மா பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லலாம். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்று வேலை பார்த்து, பருவ முடிவில் முன்பணத்தைக் கழிக்கும்போது முதலாளியின் நோட்டில் உள்ளதை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறதே! அந்த நோட்டைச் சரிபார்க்கும் ஆள் நம் வீட்டிலேயே வளர வேண்டும்.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, அம்பேத்கரை ஆசிரியர் ஒரு நாள் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போட அழைத்தார். பலகைக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்த சாதி இந்து மாணவர்கள், தீட்டாகிவிடும் என்று கூச்சலிட்டு ஓடி அவற்றை அகற்றினார்கள். அதன் பிறகே அவரால் பலகையைத் தொட முடிந்தது. 1907இல் அதே பள்ளியிலிருந்து அவர் மெட்ரிக் தேறினார். அன்று அந்த ஆசிரியர் அவரை அழைத்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. இன்று நம் வகுப்பறைகளில் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் பெயர் பலகைக்கு அழைக்கப்படுகிறதா?

மாணவரிடமும் பெற்றோரிடமும் எதிர்பார்க்கும் ஆசிரியரிடம் நாமும் எதிர்பார்க்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு ஏற்ப இடம் தர வேண்டும் என்பதும் சட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, கணிதப் பிரிவில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுந்து நின்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருமா வராதா என்பதை அதன் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். முகவரியைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.