பள்ளியிற் பெற்ற சைக்கிளும் கல்லூரி மாணவரும்

மனிதனுக்கு வேண்டுவன சில. வேண்டுமென்று அவன் எண்ணிக்கொள்வன பல. இவ்விரண்டையும் பகுத்தறிந்து நடத்தலே கல்வியின் பயன்களுள் தலையாயது என்பர் பெரியோர். இவ்வுண்மையைச் சைக்கிள் என்னும் எளிய பொருளின் வாயிலாக ஈண்டு ஆராயப் புகுகின்றேன். பொருள் சிறிதென்று நண்பர்கள் நகையாதிருப்பார்களாக.

தமிழ்நாட்டு அரசினர் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென 2001-02ஆம் ஆண்டில் விலையில்லாச் சைக்கிள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினர். பின்னர் அத்திட்டம் படிப்படியாக விரிந்து, அரசுப் பள்ளிகளிலும் அரசின் உதவிபெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பிற் பயிலும் மாணவ மாணவியர்க்கு உரியதாயிற்று. நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போருள் பலர் அவ்வாறு ஒரு வண்டி பெற்றவரே. ஆயினும் கல்லூரி வாயிலில் அவ்வண்டிகளைக் காண்டல் அரிதாயிருக்கின்றது. விற்கப்பட்டன சில, வீட்டுச் சுவரோரம் காற்றிறங்கிக் கிடப்பன பல. காரணம் வினவின், "அது பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் வண்டி, கியர்கூட இல்லை, அதில் வந்தால் சிரிப்பார்கள்" என்பர். யானும் முதலாண்டில் அவ்வாறே நாணித் திருவரங்கத்தினின்று நாள்தோறும் பேருந்திற் தொங்கிக்கொண்டு வந்தவன். ஆதலின் பிறரைக் குறைகூற இதனை எழுதுகின்றேனல்லேன். என் பிழையை உணர்ந்தே எழுதுகின்றேன்.

கியர் இல்லாமை குறையா என்பதனை முதற்கண் நோக்குவோம். பல கியர்கள் ஏற்பட்டது எதற்காக? ஏற்றத்திற் கால் இளைக்காமலும், இறக்கத்தில் வீணே சுழலாமலும் இருத்தற்பொருட்டே. மலைநாட்டார்க்கு அஃது இன்றியமையாதது. பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ ஏறுவார்க்கும் வேண்டுவதே. நம் நகரமோ பெரும்பாலும் காவிரி வளர்த்த சமநிலம். நடுவில் நிற்கும் மலைக்கோட்டையின்மீது எவரும் சைக்கிள் ஏற்றுவதில்லை. நாம் ஏறும் ஏற்றங்களெல்லாம் பாலங்களின் முகப்பும் இரயில்வே மேம்பாலங்களுமே.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெடலொடு பொருந்திய முன் பற்சக்கரத்தில் 44 பற்களும், பின் பற்சக்கரத்தில் 18 பற்களும் உள்ள வண்டியொன்றைக் கொள்வோம். பெடல் ஒருமுறை சுழலப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆகவே ஒரு மிதிப்பிற்கு வண்டி 5.4 மீட்டர் செல்லும். நிமிடத்திற்கு 60 முறை சுழற்றின் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல். நிதானமாக 45 முறை சுழற்றினும் 14 கிலோமீட்டருக்குக் குறையாது. திருவரங்கத்தினின்று சத்திரம் பேருந்து நிலையம்வரை உள்ள தொலைவை அரைமணிக்குள் கடத்தற்கு இதனினும் வேண்டுவது யாது? மிதித்தல் கடினமாயிருக்குமாயின், பின் பற்சக்கரத்தை 20 பல் உடையதாக மாற்றிக்கொள்ளலாம். வேகத்திற் பத்திலொரு பங்கு குறையும். காலின் உழைப்பும் அவ்வளவே குறையும். 1976இற் கட்டப்பெற்ற காவிரிப் பாலத்தின்மேல் ஆடிக்காற்றுப் பக்கவாட்டில் வந்து மோதுங்கால் இம்மாற்றத்தின் அருமை விளங்கும். வண்டி வாங்குவார் வண்ணத்தைப் பாராது பற்களை எண்ணுவாராக.

ஒற்றைக் கியர் வண்டியின் பெருஞ்சிறப்பு அதன் எளிமையே. அதன் செயின் ஒரே நேர்கோட்டில் ஓடுகின்றது. பல்விட்டுப் பல் தாவுவதில்லை. ஆதலின் தேய்மானம் குறைவு. இங்கிலாந்தினின்று வந்த பழைய வண்டிகளின் அமைப்பையே 1949இற் சென்னையில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் முதலிய நம் நாட்டு ஆலைகளும் மேற்கொண்டன. ஆகவே அதன் உறுப்புகள் உறையூர்ச் சந்திலும் கிடைக்கும். ஒரு சிற்றூர் ஆலமரத்தடிக் கடையிலும் கிடைக்கும். கியர் மாற்றும் கருவி பழுதுற்றாலோ, அதனை அறிந்தாரைத் தேடி நாம் அலைதல் வேண்டும்.

கிடக்கும் வண்டியைப் புதுக்குதல் அரிய செயலன்று. டயரும் டியூபும் வெடித்திருப்பின் மாற்றுக. சக்கரத்தைச் சுழற்றி நோக்கி, ஆட்டம் இருப்பின் கோட்டம் எடுக்கச் செய்க. அச்சுகளைக் கழற்றிப் பால்ரஸ்களைத் துடைத்துப் புதிய கிரீஸ் இடுக. பின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தற்கு அது பொருந்துமிடத்திற் பிளவு உண்டு. அதனைக்கொண்டு, செயின் நடுவில் அரை அங்குலம் மட்டும் அசையுமாறு இறுக்குக. பிரேக்குக் கட்டைகளை மறவாது மாற்றுக. யான் என் வண்டிக்கு இவையெல்லாம் செய்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில நூறு ரூபாயுமே செலவாயின. கடைக்காரர் அருகில் அமர்ந்து கற்றுக்கொண்டது எஞ்சிய ஊதியம்.

ஈண்டு மற்றொன்றும் கூறல் வேண்டும். அயல்நாட்டு இளைஞரைப் பார்த்து, பிக்சட் கியர் என்னும் வண்டியில் நம் நண்பர் சிலர் ஆர்வங்கொண்டுள்ளனர். அதிற் பின் பற்சக்கரம் சக்கரத்தோடு அசையாது பிணிக்கப்பட்டிருக்கும். வண்டி ஓடுங்காறும் பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். இது புதுமையன்று. 1885இல் ஸ்டார்லி என்பார் ரோவர் வண்டியை அமைத்த காலத்தில் சைக்கிள்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. ஏறத்தாழ 1900ஐ ஒட்டியே, மிதியாதபோதும் சக்கரம் தானே ஓடும் பிரீவீல் பரவலாயிற்று. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸ் பந்தயத்திற்கூடச் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி 1937ஆம் ஆண்டுவரை அனுமதிக்கப்படவில்லை. பந்தய வட்டரங்கில் இன்றும் பிக்சட் வண்டியையே, பிரேக்கின்றி, ஓட்டுகின்றனர். ஆங்கு எதிரே வருவார் இலர். எருமையும் பேருந்தும் இல.

பெரியகடைவீதியிலும் தெப்பக்குளத்தருகிலும் பிரேக்கின்றி அதனை ஓட்டுதல் வீரமன்று, பேதைமையே. வண்டியை நிறுத்துங்கால் உடலின் பாரம் முன்சக்கரத்தின்மேற் சாய்கின்றது. ஆதலின் முன் பிரேக்கே வல்லது. காலால் எதிர்மிதித்தல் பின்சக்கரத்தை மட்டுமே தடுக்கும். வளைவிற் சாயும்போது சுழலும் பெடல் தரையில் இடிக்கும். வேட்டியோ தாவணியோ செயினில் அகப்படின், பிரீவீல் வண்டியில் மிதிப்பதை நிறுத்தலாம். இதிலோ சக்கரமே காலை இழுத்துச் செல்லும். பழைய பிரீவீலைப் பற்றவைத்துப் பிக்சட் வண்டியாக்குவாரும் உளர். எதிர்மிதிப்பில் மரை கழன்றுபோதல் கூடும். அதனைத் தடுத்தற்கு எதிர்மரையிற் பூட்டும் வளையம் உள்ள தனிச் சக்கரக்குடமே வேண்டும். அவ்வண்டியில் கால் ஒழுங்காகச் சுழலப் பழகும் என்பது மெய். அப்பயிற்சியை விரும்புவார் இரண்டு பிரேக்கும் செயின் மூடியும் பொருத்தி, ஆளில்லாத மைதானத்திற் பழகுக. நாள்தோறும் கல்லூரிக்கு வருதற்கு உரியது பிரீவீல் உள்ள ஒற்றைக் கியர் வண்டியே என்பது என் துணிபு.

இனி நகைப்பார் என்னும் அச்சத்திற்கு விடை நம் அண்டையிலேயே உண்டு. 1974வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிருந்த புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனை ஊக்கினார். கல் உடைப்பாரும் வயலில் உழைப்பாருமாகிய ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்து பழகினர். ஏளனச் சொற்கள் அவர்மேல் எழாமலில்லை. பெண்களுக்குரிய வண்டி போதாமையின் ஆடவர் வண்டியையே ஏறினர். குறுக்குத் தண்டிற் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பினாரும் உளர். தண்ணீர்க் குடம் சுமக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், பேருந்துக்குக் காத்திராது தாமே புறப்படவும் அவ்வண்டி உதவிற்று. அவர் ஓட்டியவை கியரில்லா எளிய வண்டிகளே. எழுத்தறியாதிருந்த அத்தாய்மார் ஏளனத்தைப் பொருட்படுத்தவில்லை. எழுத்தறிந்த நாமோ நண்பனின் ஒரு புன்னகைக்கு அஞ்சி வண்டியைத் துருவுக்கு இரையாக்குகின்றோம். பொன்மலை இரயில்வேப் பணிமனைக்குச் சங்கொலி கேட்டு அணியணியாகச் சைக்கிளிற் சென்று, அவ்வூதியத்திலேயே மக்களைப் படிக்கவைத்த தந்தையரின் பிள்ளைகளும் நம்முள் உளரன்றோ?

மோட்டார் சைக்கிளே கூடாதென்று யான் கூறவில்லை. மணப்பாறையினின்றும் இலால்குடியினின்றும் வருவார்க்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் ஐந்து கிலோமீட்டர் தொலைவிற்காகத் தந்தையைக் கடனாளியாக்கும் மைந்தன், தான் கற்ற பொருளியலைத் தேர்வுத்தாளோடு விட்டவனாவான்.

நம் கல்லூரித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சைக்கிள்களுக்கென நிழலுள்ள ஓரிடமும், காற்றடிக்கும் பம்பு ஒன்றும், பஞ்சர் ஒட்டும் சிறு பெட்டியும் அமைத்துத் தருதல் பெருஞ்செலவன்று. ஆசிரியர் இருவர் மூவர் சைக்கிளில் வருவாராயின், ஆயிரம் அறிவுரையினும் அஃது ஆற்றல் மிக்கதாகும்.

மாணவ நண்பர்காள்! சுவரோரம் கிடக்கும் அவ்வண்டி நாம் பள்ளியில் உழைத்த நாட்களின் அடையாளம். பொதுமக்கள் வரிப்பணத்தில் நமக்கு வந்தது. அதனை நாணுதற்கு யாதொரு காரணமும் இல்லை. இவ்விடுமுறையிலேயே அதனை வெளியே கொணர்ந்து துடைத்துக் காற்றடியுங்கள். கல்லூரி திறக்கும் நாளன்று காவிரிப் பாலத்தின்மேல் நாம் சந்திப்போமாக.