டிக்கட்டில் எழுதியிருக்கும் பிராங்போர்ட்

சீனன்கோட்டையிலிருந்து கல் வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் கடைக்கு வந்திருந்தார். லண்டனில் இரண்டு நாள் வேலை, பிறகு ஜேர்மனியில் கல் வாங்குபவர் ஒருவரைச் சந்திக்க வேண்டுமாம். "நாநா, லண்டனுக்கும் பிராங்போர்ட்டுக்கும் பிளைட் ஒன்றே முக்கால் மணித்தியாலம்தானே. காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். ஹீத்ரோவிலிருந்து பிராங்போர்ட் சுமார் 650 கிலோமீற்றர். ஆகாயத்தில் இது பெரிய தூரமல்ல. ஆனால் வியாபாரி விமான நிலையத்திலா வியாபாரம் செய்கிறார்? அந்தத் தம்பி போக வேண்டிய இடம் இடார்-ஓபர்ஸ்டைன். பல நூறு வருடமாகக் கல் வெட்டிப் பட்டை தீட்டும் ஊர்.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஹீத்ரோ போக ஒரு மணித்தியாலம், அங்கே இரண்டு மணித்தியாலக் காத்திருப்பு, பிளைட், பாஸ்போர்ட் வரிசை, மைன்ஸ் வழியாக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். மொத்தம் ஏழரைக்குக் குறையாது. போதாததற்கு ஜேர்மனிக் கடிகாரம் லண்டனை விட ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. காலை 6 மணிக்கு லண்டனில் புறப்பட்டால், போய் இறங்கும்போது அங்கே பிற்பகல் இரண்டரை. வாங்குபவர் கல்லை வெளிச்சத்தில் பார்க்க வேண்டாமா?

தம்பி விடவில்லை. பிராங்போர்ட்-ஹான் என்ற இடத்துக்கு மலிவு டிக்கட் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். அது 1993 வரை அமெரிக்க விமானப்படையின் தளம். 1999இல் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து மலிவு விமானங்கள் வரத் தொடங்கின. பெயரில்தான் பிராங்போர்ட், நகரமோ 120 கிலோமீற்றருக்கு அப்பால். பிராங்போர்ட் நகருக்குள் வேலையுள்ளவர் மிச்சம் பிடித்த காசை பஸ்ஸிலும் நேரத்திலும் இழப்பார். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், இடார்-ஓபர்ஸ்டைனுக்கு அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர்தான்! கல் வியாபாரிக்கு அந்தப் 'பொய்' பிராங்போர்ட்டே கிட்ட. ரயில் மட்டும் கிடையாது, வாகனத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். எந்த நாளில் பிளைட் உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, மலிவு டிக்கட் எல்லாம் ஏமாற்று என்று சொல்ல நான் தயாரில்லை. போகும் இடத்தைத் தெரியாமல் டிக்கட் வாங்குவதுதான் தவறு.

தூரத்தை விடப் பெரிய விடயம் சுங்கம். 2020 முடிவோடு பிரித்தானியா ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டது. லண்டனிலிருந்து பையில் கொண்டுபோகும் கல்லை ஜேர்மனியில் காட்டியே ஆக வேண்டும். அந்த வரிசையில் எத்தனை மணித்தியாலம் என்று எந்த டிக்கட்டிலும் அச்சிடுவதில்லை. விசாவும் இரண்டு வேண்டும், பிரித்தானியாவுக்கு ஒன்று, ஷெங்கன் ஒன்று.

"அப்படியானால் ஓர் இரவு அங்கே தங்க வேண்டிவரும், ஹோட்டல் செலவு நாநா" என்றார். வாங்குபவரை முதலில் டெலிபோனில் பிடித்து, மறுநாள் காலை பத்து மணிக்கு நேரம் கேட்கச் சொன்னேன்.