ஓட்டுப் போட்டால் மட்டும் போதுமா?

கேளம்பாக்கம் வட்டாரத்தில் நடவு, களை எடுப்பு ஆகிய வேலைகள் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் உள்ளன. கோவளம் பக்கத்து உப்பளங்களிலும் அவர்கள் உழைத்து வந்திருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையோர வயல்கள் மனைகளாக மாறிய பின் கூலி கிடைக்கும் நாட்கள் குறைந்தன. ஆனால் குடும்பச் செலவு குறையவில்லை. இந்நிலையில் பெண்கள் கூடிப் பேசினால், "பெண்களுக்கு எதற்கு அரசியல்?" என்று கேட்கும் விவசாயிகளும் உண்டு. அவர்கள் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் நெல்லூரில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது.

நெல்லூர் தரும் பாடம்

நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புகள் நடந்தன. பகலெல்லாம் உழைத்த பெண்கள் இரவில் எழுத்துக் கற்றார்கள். கூலி சாராயத்தில் கரைவதைப் பற்றி அந்தப் பாடப் புத்தகத்திலேயே ஒரு கதை இருந்தது. அது தங்கள் வீட்டுக் கதையே என்று பெண்கள் உணர்ந்தார்கள். 1992-ல் துபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள் சாராயத்தை ஊருக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். அவர்களில் ரோசம்மா என்ற பெண்மணியின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. பெண்கள் திரண்டு நின்றதால் சாராயக்கடை ஏலங்கள் திரும்பத் திரும்பத் தள்ளிப் போயின.

1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அக்டோபரில் ஆந்திரம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1994 டிசம்பர் தேர்தலில் முழு மதுவிலக்கு பெரிய வாக்குறுதி ஆயிற்று. அதை அளித்த என்.டி. ராமராவ் வெற்றி பெற்றார். 1995 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஆனால் 1997-ல், அரசின் வருவாய் இழப்பு காரணமாக அது தளர்த்தப்பட்டது.

அமைதியான போராட்டமும் ஓட்டும் சேர்ந்தால் அரசே அசைந்து கொடுக்கும் என்பது இதில் முதல் பாடம். பெற்றதைக் காவல் காக்காவிட்டால் கைநழுவிப் போகும் என்பது இரண்டாவது பாடம். விதைத்துவிட்டு வயல் பக்கமே போகாத விவசாயி நல்ல மகசூலை எதிர்பார்க்க முடியுமா? ஓட்டும் அப்படித்தான்.

கிராம சபை

ஓட்டு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. கிராம சபையோ ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஏரி மதகு, வரத்துக் கால்வாய், குடிநீர், ஊராட்சியின் வரவு செலவு ஆகிய எதைப் பற்றியும் அங்கே கேட்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு.

தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்க 2016-ல் சட்டத் திருத்தம் வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 2021 அக்டோபரில் நடந்த ஊரகத் தேர்தலில் பல பெண்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மனைவி வென்ற நாற்காலியில் கணவர் உட்கார்ந்தால் இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

"தீர்மானம் போட்டாலும் அதிகாரிகள் கவனிப்பதில்லை" என்ற குறை உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் எடுத்துக் காட்டிக் கேட்கலாம். டீக்கடையில் பேசியதற்கு அந்த வலு கிடையாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

கிராம சபை நடக்கும் நாளில் நடவும் களையும் வைத்துக்கொள்ள வேண்டாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் முன்கூட்டியே கூடி, இரண்டு மூன்று கோரிக்கைகளை மட்டும் தெளிவாக எழுதிக்கொண்டு போவது நல்லது. தேர்தலில் யாருக்கு ஓட்டு என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். ஓட்டுக்கு வாங்கும் பணம் ஒரு வாரச் செலவுக்குக்கூடக் காணாது. அதன் பிறகு கேள்வி கேட்கும் துணிவு யாருக்கு வரும்?

சென்னை மாகாணத்தில் 1921-ல் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தபோது சொத்துள்ளவர்களே அதைப் பெற்றார்கள். நாற்று நடும் பெண்ணுக்கு அந்த உரிமை வர, குடியரசின் முதல் பொதுத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலம் கடந்து வந்த உரிமையை ஒரு நாள் விரல் மையோடு முடித்துவிடக் கூடாது. அடுத்த கிராம சபைக்கு விவசாயிகள் தங்கள் வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.