திரும்பி வருகின்ற அயலவர்

நல்ல சமாரியர் உவமையைக் கேட்கும்போது, காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்த இடத்திலேயே நம் மனம் நின்றுவிடுகின்றது. அவர் காயமுற்றவரைச் சாவடியில் சேர்த்து, செலவுக்குப் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் வாக்களித்தார் என்பதை (லூக்கா 10:35) நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஒருநாள் இரக்கம் எளிது. மீண்டும் வருகின்ற இரக்கமே அரிது.

உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அத்தகைய இரக்கத்தையே வேண்டி நிற்கின்றன. அவை பெரும்பாலும் வலி தருவதில்லை. ஆகவே, பஸ் செலவையும் அன்றைய கூலியையும் எண்ணி அஞ்சும் ஏழை, "சுகமாகத்தானே இருக்கிறேன்" என்று கிளினிக்கை விட்டுவிடுகின்றார். என் பங்கில் இவ்வாறு மாத்திரையை நிறுத்திய ஒரு தந்தை பாரிசவாதத்தில் வீழ்ந்தார். நோயில்பூசுதல் வழங்கச் சென்றேன். அதற்கு முன் பலமுறை அவ்வீட்டுக்குச் சென்றிருந்தும், மருந்து எடுக்கின்றீர்களா என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. அது என்னை இன்றும் உறுத்துகின்றது.

இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், உயர் இரத்த அழுத்தமுடைய 2,645 பேரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2020இல் வெளியானது. அவற்றுள் சில சமூகங்களில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று அழுத்தத்தை அளந்தனர்; ஆலோசனை கூறினர்; தேவையானோரை மருத்துவரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டுகளின் பின், ஏனைய சமூகங்களைவிட அங்கே மேல் அழுத்தம் சராசரியாக ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் அதிகமாகக் குறைந்திருந்தது. சிறிய எண்தான். ஆயினும் ஊர் முழுவதிலும் அவ்வளவு குறையுமாயின், பாரிசவாதமும் மாரடைப்பும் குறையும்.

இது அரசின் கடமையல்லவா எனச் சிலர் கேட்கலாம். அரச மருத்துவமனை இலவசமாகச் சிகிச்சை தருகின்றது. ஆனால் கிளினிக் நாளைத் தவறவிட்டவரின் கதவை அயலவரே விரைவில் தட்ட முடியும். ஆகவே நம் அன்பியங்கள் கூடும்போது, இம்மாதம் கிளினிக் செல்ல இயலாதவர் எவர் என்று கேட்போம். ஒருவர் துணைக்குப் போகட்டும். இன்னொருவர் அவர்தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். மருந்தின் அளவை மருத்துவரே தீர்மானிக்கட்டும். நோயாளரின் அந்தரங்கம் காக்கப்படட்டும். செபிப்பதால் மாத்திரை வேண்டாம் என்று எவரிடமும் கூறாதிருப்போம். மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடைகளாகவே சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் காட்டுகின்றது.

அன்பார்ந்தவர்களே, இவ்வாரம் உங்கள் அயலில் உள்ள ஒரு நோயாளரைச் சந்தியுங்கள். அடுத்த மாதமும் அவரிடம் திரும்பிச் செல்லுங்கள்.