அரைஞாண் கயிற்றுக்குக் கீழே

ஈசிஜி எடுக்க மார்பகத்தை ஒதுக்கி லீடை ஒட்டப் போன டெக்னீஷியன் பெண், கையை நிறுத்திவிட்டு "சிஸ்டர், இங்க வந்து பாருங்க" என்றார். மடிப்புக்குள் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. சுற்றிலும் லேசாகச் சிவந்த விளிம்பு. எரிகிற பீடியை வைத்து அழுத்தி எடுத்தாற்போல. அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு அன்றைக்கு ஒன்பதாம் நாள். மூச்சு நிமிடத்துக்கு 36 ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சொன்னார்: "வலிக்கல சிஸ்டர், அரிக்கவும் இல்ல. மஞ்சள் வெச்சேன். இதப் போயி ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? அவரும் கேக்கல."

கேட்காத அந்த டாக்டர் நான்தான். ஐந்து நாளுக்கு முன் அவர் என் கிளினிக்குக்கு வந்திருந்தார். ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்குப் போய் முட்புதர் வெட்டியவர். அது டெங்கு சீசன். என்எஸ்1 நெகட்டிவ், பிளேட்லெட் 90,000. செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டேன், டிரிப்ஸ் ஏற்றினேன், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். வந்தபோது மறுபடியும் அதையே செய்தேன். இரண்டு முறையும் ஸ்டெதாஸ்கோப்பை ரவிக்கையின் மேலேயே வைத்துக் கேட்டேன். பொருக்கு என் கையிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் இருந்திருக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார். டாக்சிசைக்ளின் ஏறிய இரண்டாம் நாளே ஜுரம் இறங்கியது, ஆனால் நுரையீரல் தேற பதினோரு நாள் ஆனது. அந்தச் செலவுக்கு வீட்டில் எத்தனை ஆடு விற்றார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஐப்பசி பிறந்தால் நம் கிளினிக் வாசல்களில் மறுபடியும் அதே வரிசை நிற்கும். அந்த அம்மாவுக்கு வந்த ஸ்க்ரப் டைபஸ், தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டி ஏறி, பனி விலகும்வரை நிற்கிறது. டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருகிற அதே மாதங்கள்தான். இதைப் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களின் அபூர்வ நோய் என்று நினைப்பவர் இன்னும் நம்மில் இருக்கிறார்கள். 2025-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களை, வீடு வீடாக ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் காய்ச்சல் உண்டா என்று கேட்டுத் தொடர்ந்து கவனித்தது. ரத்தப் பரிசோதனைக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்வரை அண்மையில் இந்தத் தொற்றைக் கண்டிருந்தார்கள். பெரும்பாலோர் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். மீதிப்பேர் நம்மிடம் வருகிறார்கள்.

வருகிறவர்களிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. "பூச்சி ஏதாவது கடிச்சுதா?" என்கிறோம். "இல்லீங்க" என்கிறார்கள், உண்மையாகவே. நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் உண்ணிக் காய்ச்சல். உண்ணி என்றதும் கிராமத்தில் யாருக்கும் மாட்டின் மடியில் கொட்டைமுத்து போல உப்பித் தொங்குவதுதான் நினைவுக்கு வரும். "எங்க வூட்ல மாடே இல்லீங்களே" என்று பதில் சொன்னவர்கள் உண்டு. இந்தக் காய்ச்சலின் கிருமியான ஓரியன்ஷியா சுட்சுகமுஷியைச் சுமப்பது அந்த உண்ணி இல்லை. அதன் தூரத்து உறவான சிற்றுண்ணி ஒன்றின் இளம்புழு. ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குகூட இருக்காது. வளர்ந்த பூச்சி மண்ணுக்குள் வேறு பூச்சிகளின் முட்டையைத் தின்று பிழைக்கிறது, மனிதனைச் சீண்டுவதில்லை. இளம்புழு மட்டும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, எலியோ மனிதனோ யாராவது ஒருவர் தோலில் ஒட்டியாக வேண்டும். ரத்தம் உறிஞ்சுவதுகூட இல்லை. தோலின் திசுவைக் கரைத்துச் சில நாள் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும். கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதனால் ஒரு புதர்மேட்டில் அது குடியேறிவிட்டால் வருடா வருடம் அங்கேயே இருக்கும்.

காய்ச்சல் வர ஆறு முதல் இருபத்தொரு நாள், பெரும்பாலும் பத்து நாளுக்கு மேல் பிடிக்கும். அதற்குள் புழு போய் வெகுநாளாகியிருக்கும். வலியில்லை, அரிப்பில்லை, கண்ணுக்குத் தெரிந்த பூச்சியும் இல்லை. கடித்ததா என்று கேட்டு என்ன பயன்? காய்ச்சலுக்கு முந்தைய மூன்று வாரத்தில் என்ன வேலை செய்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள். புல் அறுத்தது, விறகு பொறுக்கியது, ஆடு மேய்க்கப் போய் வரப்பில் படுத்தது, வேலிக்காத்தான் மறைவில் ஒதுங்கியது எல்லாம் அப்போது வெளியே வரும். வீட்டுக் கொல்லையில் களை மண்டி எலி ஓடினால் அதுவும் போதும்.

பிறகு பார்க்க வேண்டும். புல் நுனியில் காத்திருக்கும் புழு காலில் ஏறினால், துணி உடம்போடு இறுகும் இடத்தையும் தோல் மெல்லிதாக, ஈரமாக இருக்கும் இடத்தையும் தேடிப் போகும். நம் ஊர் உடுப்பை வைத்து யோசித்தாலே அது எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும். ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றின் அடி, தொடையிடுக்கு, விரைப்பை, அக்குள். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகிய இடுப்பு, ரவிக்கையின் கீழ்விளிம்பு, மார்பக மடிப்பு. குழந்தைகளுக்குக் காதின் பின்புறமும் உச்சந்தலையும்கூட. தொப்புளுக்குள் ஒன்று பார்த்திருக்கிறேன். பிட்டப் பிளவில் இருந்ததை ஒரு பெரியவரின் மருமகள் கண்டுபிடித்துச் சொன்னார், நானில்லை.

எல்லாப் பொருக்கும் பாடப்புத்தகப் படம்போலக் கறுப்பாக இருக்காது. வியர்வை தங்கும் இடங்களில் பொருக்கு ஊறி உதிர்ந்து, மஞ்சள் அடியோடு ஒரு சிறு குழிப்புண் மட்டும் மிஞ்சும். கறுத்த தோலில் சிவப்பு விளிம்பு தெரியாமல் போகலாம். அங்கே ஒரு பழைய உபாயம் கைகொடுக்கும். முதலில் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவுங்கள். அக்குளில் தொட்டால் வலிக்கும் நெறி இருந்தால் அதற்கு வடியும் கை, மார்பு, முதுகை அலசுங்கள். இடுப்படியில் இருந்தால் கீழே தேடுங்கள்.

இதற்கு ஒரு திரை, ஒரு டார்ச், ஒரு பெண் நர்ஸ் வேண்டும். நேரம் மூன்று நிமிடம் ஆகும். ஒரு நாளில் நூற்றிருபது பேரைப் பார்க்கிற இடத்தில் அந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் செய்வது இதுதான்: ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் சீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிடுவேன். அவர்களைச் சிஸ்டர் திரைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் அனுப்புவார். சிஸ்டர் கேட்டால் சொல்லுகிற சங்கதிகள் வேறு. "என்னம்மா, இடுப்புல, மாருக்கடியில கறுப்பா புண்ணு ஏதாச்சும் உண்டா? வலிக்காதுதான், இருந்தாச் சொல்லும்மா" என்று அவர் கேட்பதில் பாதி நோய்க்கணிப்பு முடிந்துவிடுகிறது. வலிக்காத புண்ணைத் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகாது. வேலூரில் 2005 முதல் 2010 வரை சேர்க்கப்பட்ட 623 நோயாளிகளைப் பற்றிய தொகுப்பில் பொருக்கு இருந்தது 43.5 சதவீதத்தினருக்குத்தான். அதே தொகுப்பில் மூன்றில் ஒருவருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது, நூற்றுக்கு ஒன்பது பேர் இறந்தார்கள். பொருக்கு இல்லாதவர்களிடம் மற்றத் தடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். பிளேட்லெட் குறைவு என்றதும் டெங்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். டெங்குவில் வெள்ளணுவும் சேர்ந்து குறையும். இதில் பெரும்பாலும் சரியான அளவில் அல்லது சற்றுக் கூடுதலாகவே நிற்கும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியிருக்கும். இருமல் தொடங்கியிருக்கலாம். காது மந்தமாக இருக்கிறது, உள்ளே இரைகிறது என்று ஒருவர் சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ் என்ற ஒரு காகிதத்தை நம்பித் தேடலை நிறுத்தவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தே வரலாம், ஒன்று பழையதாகவும் இருக்கலாம்.

பரிசோதனைகளில் வைல் ஃபீலிக்ஸ் இன்னும் பல லேப்களில் ஓடுகிறது. அதில் வரும் ஓஎக்ஸ்-கே என்பதன் 'கே'க்கு ஒரு கதை உண்டு. 1920-களில் மலாயாவில் கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுபோன புரோட்டியஸ் கிருமி வகை, நகரத்து டைபஸ் நோயாளிகளின் சீரத்தோடு ஒட்டவில்லை. புதர் வெட்டிய தோட்டத் தொழிலாளர்களின் சீரத்தோடு ஒட்டியது. அப்படித்தான் நோய் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. அவர் பெயரின் முதலெழுத்துதான் நூறாண்டாக நம் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. கதை நன்றாக இருக்கிறதே தவிர, நெகட்டிவ் வந்தால் நம்பக்கூடிய பரிசோதனை அல்ல. ஐஜிஎம் எலைசா மேல், ஆனால் முதல் வாரத்தின் கடைசியில்தான் அது பாசிட்டிவ் ஆகத் தொடங்கும். நான்காம் நாள் எடுத்து நெகட்டிவ் என்று மருந்தை நிறுத்தினால் தப்பு ரிப்போர்ட்டுடையது அல்ல.

ஆகவே காத்திருக்கக் கூடாது. ஐசிஎம்ஆர் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: காரணம் பிடிபடாத காய்ச்சல் ஐந்து நாளோ அதற்கு மேலோ நீடித்தால் சந்தேகப்படு, பொருக்கு இருந்தால் ஐந்து நாள்கூடப் பார்க்காதே. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள். 45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், இரண்டாகப் பிரித்து. பல்லில் கறை விழும் என்ற பயம் பழைய டெட்ராசைக்ளினிடமிருந்து வந்தது, ஒரு வாரக் கோர்ஸுக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் 500, ஐந்து நாள். பெனிசிலினும் செஃபலோஸ்போரினும் இங்கே வெறும் தண்ணீர். கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது, அவை தாக்கும் சுவரும் அதற்குப் பெயரளவுக்குத்தான். இதைத் தெரிந்தும் ஏன் செஃப்ட்ரியாக்சோனைக் கையில் எடுக்கிறோம்? ஊசி போடாத டாக்டரை ஊர் டாக்டராக ஒப்புக்கொள்வதில்லை என்பது ஒரு காரணம். நமக்கே கேப்சூலில் நம்பிக்கை இல்லை என்பது இன்னொன்று.

கேப்சூலைக் கொடுத்தால் மட்டும் போதாது. சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல் என்று மூன்றாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடும் ஜெலுசிலோடும் சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் ஜுரம் விட்டுவிடும். விடவில்லை என்றால் டைபாய்டு, மலேரியா, காசநோய் என்று மறுபடி முதலிலிருந்து யோசியுங்கள்.

எல்லாக் காய்ச்சலுக்கும் டாக்சியா, கிருமி எதிர்ப்பாற்றல் என்ன ஆவது என்று நம் இளைய மருத்துவர்கள் சிலர் கேட்கிறார்கள். சரியான கேள்வி. மூக்கொழுகலோடு இரண்டாம் நாள் வருபவருக்கு நான் சொல்லவில்லை. ஆனால் ஆறாம் நாள் காய்ச்சலுக்கு மூன்று வகை ஊசி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, டாக்சி கொடுக்க மட்டும் எதிர்ப்பாற்றலைப் பேசுவது எனக்குப் புரியவில்லை.

மூச்சு 30-ஐத் தாண்டினால், பிதற்றினால், பிரஷர் இறங்கினால், சிறுநீர் குறைந்தால் நம் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால் 108 வருவதற்குள் முதல் டோஸைக் கொடுத்து, சீட்டில் நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இப்போது கையில் இன்னொரு வழியும் இருக்கிறது. 2023-ல் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. கடுமையான நோயில் டாக்சியையும் அசித்ரோவையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்குத்தான் மோசமான விளைவு. தனித்தனியே கொடுத்தபோது 47-ம் 48-ம். இறப்பு மட்டும் எண்ணினால் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சேர்த்துக் கொடுத்தாலும் தாமதத்தை ஈடுகட்டிவிடாது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

நிஜமான உண்ணியையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாய் உண்ணி கொண்டுவரும் புள்ளிக் காய்ச்சலில் தடிப்பு உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கும். மருந்து அதே டாக்சிதான். முதுமலை, பந்திப்பூர் பக்கத்துக் காட்டோரம் வேலை செய்பவர்கள் என்றால், 1957-ல் ஷிமோகா பக்கம் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயும் நினைவில் இருக்கட்டும். செத்த குரங்கு பற்றி விசாரியுங்கள். அது வைரஸ், டாக்சி அங்கே செல்லாது. ஒட்டியிருக்கும் உண்ணியின் மேல் சீமெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தெடுத்தால் போதும்.

இந்த இதழுக்கு வரும் காய்ச்சல் நோயாளிக் குறிப்புகளில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இரண்டு பக்கம் நீளுகின்றன. உடம்பைப் பார்த்த விவரம் 'குறிப்பிடும்படி ஏதுமில்லை' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்த இதழிலிருந்து, ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் பற்றிய குறிப்பானால், துணியை விலக்கி அக்குள், மார்பு மடிப்பு, இடுப்பு, தொடையிடுக்கு பார்க்கப்பட்டதா, பார்த்தவர் யார், எத்தனையாம் நாள் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதலாம், அச்சிடுவோம். என் குறிப்பு, ஒன்பதாம் நாள் ஈசிஜி டெக்னீஷியன் பார்த்தது, முதலாவதாக வரும்.