காட்டை அழித்தவன் யார்?

தோழர்களே! வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடல் முகத்தில் நிற்கிறது பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. விறகு பொறுக்கும் பெண்களும் மாடு மேய்ப்பவர்களும்தான் இதை அழித்தார்கள் என்று கனவான்கள் சொல்கிறார்கள். பச்சைப் பொய் என்கிறோம் நாம்!

வெள்ளைக்காரன் காலத்திலேயே பகுதி பகுதியாக ஒட்ட வெட்டும் முறையைக் கொண்டுவந்தது யார்? சர்க்கார்! மரம் போன சேற்று நிலம் வெயிலில் காய்ந்து அமுங்கியது. பள்ளத்தில் கடல்நீர் தேங்கி உப்பேறியது. விதை விழுந்தும் முளைக்கவில்லை. 1990களில் வாய்க்கால் வெட்டி, அலைநீர் ஏறி இறங்க வழிசெய்து, கன்று நட்ட பிறகே காடு திரும்பியது. அந்தச் சேற்றை வெட்டியவை உழைப்பாளியின் கைகள்!

மீனும் நண்டும் இறாலும் இந்த வேர்களின் நடுவே குஞ்சாக வளர்ந்துதான் கடலுக்குப் போகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில், காட்டின் மறைவில் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு.

அடுத்து வந்தார்கள் இறால் பண்ணை முதலாளிகள். காவிரிக் கடைமடையில் நெல் விளைந்த நிலத்தில் உப்புநீரைக் கட்டினார்கள். நடவு, களை, அறுப்பு என்று ஊரே பிழைத்த வயலில் மிஞ்சியது காவல்காரன் வேலை! கிணற்று நீரும் கரித்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், பாரம்பரியப் பண்ணைகள் தவிர, கடலோரத் தடை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட், 1996 டிசம்பர் 11ல். நடந்தது என்ன? 2005ல் புதுச் சட்டம் போட்டு, 1991 முதலே அந்தத் தடை இறால் பண்ணைக்கு இல்லை என்றாக்கினார்கள். 2023ல் அந்தச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனையையும் எடுத்துவிட்டு, அபராதத்தை வைத்தார்கள். பணக்காரனுக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு!

மில் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வயலில் வேலை இழந்தவன்தான் நாளை மில் வாசலில் குறைந்த கூலிக்கு நிற்பான். அவன் நம் எதிரியல்ல. அவனை அங்கே விரட்டியவனே எதிரி.

ஆகவே நாம் கோருகிறோம்: சட்டத்தை மீறிய குளங்களை மூடு! உப்பேறிய நிலத்தைச் சீர்செய்து உழுபவனுக்குக் கொடு! காட்டுப் பராமரிப்பு வேலையைச் சுற்றுக் கிராமத்தாருக்கு, நியாயக் கூலியுடன் கொடு! இவற்றை ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.