யாழ் தேர்ந்த செவியும் பெயர் தேரும் கண்ணும்

ஒரு கருவியின் தகுதியை அது செய்யும் பணியே காட்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் கடையில் நின்று பணத்தை எடுக்கும் வேளையில் அதனை நினைப்பவர் மிகச் சிலரே. இன்று மாணவச் செல்வங்களின் தலையிலும் கழுத்திலும் அணிகலன்போல் விளங்கும் ஹெட்போனைக் கொண்டே இதனை ஆராயலாம். 'செவிப்பொறி' என எழுதத் தமிழாசிரியர் உள்ளம் விழையும். எனினும் கடைக்காரருக்கு விளங்கும் சொல்லையே இங்கு ஆள்கிறோம்.

பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கைப்பேசிக் கடையாயினும், அரியலூர்க் கடைத்தெருவாயினும், வாங்க வருவோர் முதலில் கேட்பது நிறுவனத்தின் பெயர், அடுத்து நிறம். ஒலி எத்தகையது என்ற வினா எழுவது அரிது. எழுந்தாலும் 'பேஸ் அதிர்கிறதா?' என்பதோடு நின்றுவிடும். லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும், வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வரும் அத்தாவிடமோ அண்ணனிடமோ பெயர் குறித்துக் கேட்டனுப்பும் பொருள்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. வெயிலில் உழைத்து ஈட்டிய திர்ஹமும் ரியாலும் ஒலிக்காகச் செலவாகின்றனவா, பெயருக்காகச் செலவாகின்றனவா என்பதே நம் வினா.

இவ்வினாவுக்குத் தமிழிலக்கியம் முன்னரே ஒரு காட்சியைத் தந்துள்ளது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையின் இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒன்றன்பின் ஒன்றாக விலக்குகிறான். ஒன்று நீரில் கிடந்து அழுகிய மரத்தாலானது. ஒன்று இடி விழுந்த மரம். மற்றொன்று நெருப்பில் வெந்தது. நரம்பினுள் கிடந்த மயிரும் அவன் பார்வைக்குத் தப்பவில்லை. வணிகரின் வளர்ப்பு மகள் ஒருத்தியின் மண்டபத்தில் வைத்த யாழ்கள் புறத்தோற்றத்தில் குறைவுற்றிருக்குமா? அழகாகத்தான் இருந்திருக்கும். அவ்வழகைக் கடந்து, ஒலியைக் கெடுப்பது எது என்று தேடினான் அவன்.

இக்கால வணிகமோ பெயரை வளர்க்கும் கலையில் தேர்ந்தது. டாக்டர் டிரே என்னும் இசைக்கலைஞரும் ஜிம்மி அயோவினும் நிறுவிய 'பீட்ஸ்' நிறுவனம், 2008-இல் தன் முதல் ஹெட்போனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கின்போது பிரிட்டன் வீரர்களுக்குக் கொடி நிறம் தீட்டிய ஹெட்போன்களை வழங்கி, போட்டிகளின் அதிகாரப்பூர்வ விளம்பரதாரர் ஆகாமலேயே உலகின் பார்வையைக் கவர்ந்தது. 2014-இல் அந்நிறுவனத்தை ஆப்பிள் வாங்கிய விலை 300 கோடி டாலர். நம் நாட்டில் 2016-இல் தோன்றிய 'போட்' கிரிக்கெட் வீரர்களையும் திரைக்கலைஞர்களையும் முன்னிறுத்தியே இளைஞரிடையே பரவியது. இது குற்றமன்று, வணிகர் தம் தொழிலைச் செய்கின்றனர். வாங்குவோர்தாம் தம் தொழிலைச் செய்வதில்லை.

விலை மிகுந்தால் ஒலியும் மிகுமன்றோ என்பர் சிலர். 2017-இல் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் விளைவை, அதாவது தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றையும் எவ்வளவு வலிமையோடு வெளியிடுகின்றன என்பதை, விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதற்கும் முன்பே, 1994-இல், பிளாய்டு டூலும் சீன் ஆலிவும் ஒலிபெருக்கிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். திரைக்குப் பின் வைத்துக் கேட்டபோது ஒருவாறும், கண்ணெதிரே வைத்துக் கேட்டபோது வேறொருவாறும் மதிப்பெண் இட்டனர் கேட்டோர். காதுக்குரிய தீர்ப்பைக் கண் எழுதிவிடுகிறது!

தமிழ் படிப்போர்க்கு இதில் தனிப்பட்ட இழப்பு ஒன்று உண்டு. வால், வாள், வாழ் என்னும் மூன்றையும் பிரித்துணர்த்தும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்சுக்கு அண்மையிலும் அதற்கு மேலும் அமைவன. தாழ்ந்த ஒலியை அளவின்றிப் பெருக்கும் கருவியில், அத்தாழொலி மேலுள்ள நுண்ணிய ஒலிகளை மறைத்துவிடும். முரசு முழங்குமிடத்தில் குழலோசை எடுபடுமா? லகர ளகர ழகர வேறுபாட்டை மாணவர் மறந்தனர் என வருந்தும் நாம், அவர்கள் நாள்தோறும் கேட்கும் கருவி அவ்வேறுபாட்டை ஒழுங்காகத் தருகிறதா என்று கேட்டதில்லை.

செவியின் நலமும் இதில் அடங்கும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே பேருந்தில் செல்வோர், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளின் இரைச்சலை அறிவர். காதைச் சரிவர மூடாத கருவியை அணிந்தவர், அவ்விரைச்சலை வெல்ல ஒலியை உயர்த்திக்கொண்டே போவார். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவு. அதற்குமேல் 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. ஆகவே காதில் நன்கு பொருந்துவதும் நெடுநேரம் அணிந்தாலும் உறுத்தாமையும் ஆடம்பரம் அல்ல, தரத்தின் கூறுகளே.

பெயருக்குப் பயனே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. பழுதானால் மாற்றித் தரும் உத்தரவாதமும் பழுதுநீக்கும் நிலையமும் பெயர் பெற்ற நிறுவனங்களிடம் கிடைக்கக்கூடும். ஆனால் அப்பெயரிலேயே ஓரெழுத்தை மாற்றி விற்கும் போலிகளும் சந்தையில் உள. பெயரை மட்டுமே நம்புவோர் அவற்றிடமே எளிதில் ஏமாறுவர்.

கல்லூரிகளின் மொழிப் பயிற்சிக்கூடங்களுக்கு ஹெட்போன்கள் வாங்கும்போதேனும் விலைப்புள்ளிப் பட்டியலோடு நில்லாது, தமிழ்த்துறையினர் செவியையும் கேட்டல் நன்று. கலை களை கழை, பனி பணி, மரம் மறம் எனச் சொற்கள் ஐம்பதை ஆண்குரலிலும் பெண்குரலிலும் பதிவு செய்துகொள்ளலாம். நான்கைந்து கருவிகளின் இலச்சினைகளைத் துணியால் மறைத்து, ஒலியளவை எல்லாவற்றிலும் ஒன்றாக வைத்தல் வேண்டும். உரக்க ஒலிப்பதே நல்லதெனச் செவி மயங்கும். மாணவர் பத்துப்பேர் கேட்டு எழுதட்டும். எதனைக் கேட்டு எழுதியபோது பிழை குறைந்ததோ அதனை வாங்கலாம். துணியை அதன் பின்னர் அகற்றலாம்.